ராட்டினத்துக்குக் கீழே நிற்பவர்

தமிழ் சினிமாவில் எத்தனை ராட்டினப் பாட்டு பார்த்திருப்போம்? காதலனும் காதலியும் ஜெயண்ட் வீலில் ஏறி உட்காருவார்கள். பெட்டி மேலே போகும், கேமராவும் கூடவே போகும். துப்பட்டா பறக்கும், கீழே பொருட்காட்சி விளக்குகள் மினுங்கும், அவள் பயந்து அவன் தோளைப் பிடிப்பாள். எல்லாம் சரி. அந்தப் பெட்டியின் கதவைச் சாத்திக் கொக்கி மாட்டினவர் யார்? சில சமயம் ஒரு கை மட்டும் ஃபிரேமுக்குள் வந்துவிட்டுப் போகும். முகம் வராது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் திரைக்குள் முழு ஆளாக வருவதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. ராட்டினம் அறுந்து விழ வேண்டும். அப்போதும் அவர் கதைக்குள் வரமாட்டார், செய்திக்குள்தான் வருவார். "ஊழியரின் அலட்சியம்" என்ற இரண்டு வார்த்தைக்குள்.

உலக சினிமாவின் மிகப் புகழ்பெற்ற ராட்டினக் காட்சியும் இப்படித்தான். கேரல் ரீட் இயக்கிய 'தி தேர்ட் மேன்' 1949-ல் வந்தது. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1897-ல் எழுப்பப்பட்ட பெரிய ராட்டினம். அதில் ஆர்சன் வெல்ஸ் நடித்த ஹாரி லைம் தன் பழைய நண்பனோடு ஏறுகிறான். பென்சிலினில் கலப்படம் செய்து விற்றுக் குழந்தைகளின் சாவுக்குக் காரணமானவன் அவன். உச்சிக்குப் போனதும் கதவைத் திறந்து கீழே நடமாடும் மனிதர்களைக் காட்டுகிறான். மேலேயிருந்து பார்த்தால் எல்லோரும் புள்ளிகள்தான், அதில் ஒரு புள்ளி அசையாமல் நின்றுவிட்டால் உனக்கென்ன நஷ்டம் என்பது அவன் தர்க்கம். அறத்தைப் பற்றிய காட்சி என்று இதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். நடத்தட்டும். ஆனால் கீழே இருக்கும் அந்தப் புள்ளிகளில் ஒருவர் கியர் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த இரண்டு பேரையும் பத்திரமாகக் கீழே இறக்குவதற்காகக் காத்திருக்கிறார். லைமின் வாதத்துக்கு அங்கேயே பதில் நிற்கிறது. படம் அவரைக் கவனிக்கவில்லை. நாமும் கவனிக்கவில்லை.

இந்தக் கட்டுரையின் கேள்வி எளிமையானது. கேளிக்கைப் பூங்காவிலும் பொருட்காட்சியிலும் திருவிழா மைதானத்திலும் சீசனுக்கு வேலைக்கு வருகிற மனிதரை இலக்கியமும் சினிமாவும் எங்கே நின்று பார்த்திருக்கின்றன? கீழே நின்று பார்த்த படைப்புகள் என்று எனக்கு மூன்று தோன்றுகின்றன. ஒரு அமெரிக்கக் குறுநாவல், ஒரு சீனப் படம், ஒரு தமிழ்ச் சிறுகதை. மூன்றுமே எனக்குப் பிடித்தவை. மூன்றின்மேலும் எனக்கு ஒரே ஒரு புகார் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. குகைக்குள் படிவம் நிரப்புகிறவர்

ஜார்ஜ் சாண்டர்ஸை இப்போது நம் இளம் வாசகர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். 2000-ல் வந்த அவருடைய 'பாஸ்டொராலியா' ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குள் நடக்கிறது. கதைசொல்லியின் வேலை ஆதிமனிதனாக இருப்பது. குகைக்குள் உட்கார்ந்து, பூச்சி பிடித்துத் தின்பதுபோல் நடித்து, உறுமலில் பேச வேண்டும். ஆங்கிலம் பேசக் கூடாது. ஆதிமனுஷியாகக் கூடவே இருப்பவள் ஜேனட். காலையில் பெரிய துளை வழியாக ஒரு செத்த ஆடு வரும், அதைத் தோலுரித்து வாட்ட வேண்டும். ஆடு வராத நாளில் பிஸ்கட்தான். பார்வையாளர் யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்றால் பல நாள் ஒரு தலைகூட வராது. ஆனாலும் உறும வேண்டும்.

இதில் சாண்டர்ஸின் மேதைமை குகையில் இல்லை. தினமும் சாயங்காலம் அவன் நிரப்பி ஃபேக்ஸில் அனுப்ப வேண்டிய படிவத்தில் இருக்கிறது. கூட வேலை செய்பவளைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவம். ஜேனட் குகைக்குள் ஆங்கிலம் பேசுகிறாள், சலித்துக்கொள்கிறாள், ஒரு நாள் பார்வையாளரையே திட்டிவிடுகிறாள். அவன் தினமும் "பிரச்சினை ஒன்றுமில்லை" என்ற மாதிரி எழுதி அனுப்புகிறான். மேலிடம் அவனை அழுத்துகிறது. வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவியிடமிருந்து செலவுக் கணக்காக ஃபேக்ஸ் வருகிறது. கடைசியில் ஒரு நாள் உண்மையை எழுதுகிறான். ஜேனட்டின் வேலை போகிறது. அவள் இடத்துக்கு வருகிறவள் விதிமுறையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவள். இனி குகைக்குள் பேச ஆளில்லை.

சாண்டர்ஸ் எழுத்தாளராக அறியப்படும் முன் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் தொழில்நுட்ப அறிக்கைகள் எழுதும் வேலையில் இருந்தவர். அந்தக் காது இந்தக் கதையில் முழுக்க வேலை செய்கிறது. நிர்வாகம் அனுப்பும் கடிதங்களில் ஒரு வார்த்தைகூடக் கடுமையாக இருக்காது. எல்லாம் குடும்பம், நட்பு, வெளிப்படைத்தன்மை. ஊழியர்களின் சொந்த மலத்தை அப்புறப்படுத்துவதற்குக்கூட அவர்கள் சம்பளத்திலேயே பிடித்தம் உண்டு. அதையும் இனிமையாகத்தான் சொல்வார்கள்.

நம்ம ஊரில் இதைக் கற்பனை என்று நினைத்துச் சிரிக்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி கோல்டன் பீச்சுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போன தலைமுறைக்குச் 'சிலை மனிதரை'த் தெரியும். தலைப்பாகை, மீசை, அசையாத உடம்பு. சிரிக்க வைத்தால் பரிசு என்பார்கள். நாம் எல்லோரும் முயற்சி செய்திருக்கிறோம். மூஞ்சிக்கு முன்னால் கையை ஆட்டி, கோமாளித்தனம் செய்து, சிலர் கெட்ட வார்த்தைகூடச் சொல்லி. ஒரு மனிதர் தன் வேலையில் தோற்க வேண்டும் என்பதற்காகக் காசு கொடுத்து உள்ளே போன கூட்டம் நாம். சாண்டர்ஸின் குகை மனிதன் பேசக் கூடாது, நம்முடைய சிலை மனிதர் சிரிக்கக் கூடாது. டிஸ்னி தன் ஊழியர்களைக் 'காஸ்ட் மெம்பர்' என்றுதான் அழைக்கிறது. நடிகர் குழுவில் ஒருவர் என்று அர்த்தம். அவர்கள் எப்போதும் சிரிக்க வேண்டும். சிரிக்கவே கூடாது, சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒரே வேலையின் இரண்டு பக்கம்தான். முகம் சம்பளத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-ல் 'தி மேனேஜ்டு ஹார்ட்' நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். சாண்டர்ஸ் அந்தக் கருத்துக்கு ஒரு குகை கட்டிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. 'பாஸ்டொராலியா'வைப் படித்துவிட்டு நாம் "செம அப்சர்ட்" என்று சொல்கிறோம். அப்சர்ட் என்ற சொல் கைக்கு வந்ததும் ஒரு நிம்மதியும் வந்துவிடுகிறது. இது எங்கேயும் நடக்காத ஒன்று, அல்லது எங்கேயும் எல்லோருக்கும் நடக்கிற ஒன்று என்று ஆகிவிடுகிறது. ஐடி கம்பெனியில் அப்ரைசல் எழுதுகிற வாசகர் குகை மனிதனில் தன்னைப் பார்க்கிறார். அது நியாயம்தான். ஆனால் அப்படிப் பார்த்த நொடியில் குகையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விடுகிறார், அந்த இடத்தில் நாம் உட்கார்ந்துகொள்கிறோம். சாண்டர்ஸும் அதற்கு வழிவிடுகிறார். அவருக்கு வேண்டியது உருவகம். ஆடு தோலுரிக்கத் தெரிந்த அந்தக் கைகளை அவர் எங்கேயும் மெனக்கெட்டு எழுதவில்லை.

2. போலி உலகத்தில் நிஜமான கடன்

ஜா ஜாங்கேயின் 'தி வேர்ல்டு' (2004) பெய்ஜிங் புறநகரில் உள்ள உலகப் பூங்காவில் நடக்கிறது. 1993-ல் திறக்கப்பட்ட நிஜமான பூங்கா அது. ஈஃபில் கோபுரம், பிரமிடு, தாஜ்மகால் எல்லாவற்றையும் சின்னதாகச் செய்து வைத்திருப்பார்கள். ஒரே நாளில் உலகம் சுற்றலாம். படத்தின் ஒரு பகுதி ஷென்சென் நகரத்தில் உள்ள இதே மாதிரியான இன்னொரு பூங்காவில் எடுக்கப்பட்டது. நாயகி ஜாவ் தாவோ நடிக்க வரும் முன் அங்கே நடனமாடியவர். அவருடைய அனுபவத்திலிருந்துதான் படத்தின் யோசனையே பிறந்தது.

முதல் காட்சியைப் பாருங்கள். ஜிகினா உடை போட்ட தாவோ மேடைக்குப் பின்னால் இருக்கும் நடைபாதையில், அறை அறையாகப் போய்க் கத்திக் கேட்டுக்கொண்டே நடக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒரு பேண்ட்எய்ட். கால் புண்ணாகியிருக்கிறது. இன்னும் சில நிமிஷத்தில் மேடையேறி உலக அழகியாகச் சிரிக்க வேண்டும். படம் முழுவதும் சொல்லப்போவதை ஜா ஜாங்கே இந்த ஒரே நடையில் சொல்லி முடித்துவிடுகிறார்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் பூத்ரியாரை இழுப்பார்கள். அமெரிக்கா முழுவதுமே டிஸ்னிலேண்டுதான், அதை மறைப்பதற்காகவே டிஸ்னிலேண்டு என்று தனியாக ஒன்று இருக்கிறது என்று 1981-ல் அவர் எழுதியது பிரபலம். போலிகளின் காலம், நகலின் நகல், உலகமயமாதல். இந்த வாசிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. இது பூங்காவை நுழைவுச்சீட்டு வாங்கினவரின் கண்ணால் பார்க்கிற வாசிப்பு. கோபுரம் போலியா நிஜமா என்பது அவருக்குத்தான் கேள்வி. அதன் அடியில் சீருடையில் நிற்கும் காவலாளிக்கு அது எட்டு மணிநேர ட்யூட்டி. அதில் போலி எதுவுமில்லை. வெயில் நிஜம், கால்வலி நிஜம், சம்பளத் தேதி நிஜம்.

படத்துக்கும் இது தெரியும். பூங்காவில் ஓடாத விமானம் ஒன்று நிற்கிறது. தாவோ அதில் விமானப் பணிப்பெண் வேஷம் போடுகிறாள். ஹாக்ஷீல்ட் ஆராய்ந்த அதே வேலை, பறத்தலைத் தவிர மற்ற எல்லாமும் இருக்கிறது. இன்னொரு காட்சியில் ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையனோடு பாதி கட்டின கட்டடத்தின்மேல் நிற்கும்போது ஒரு விமானம் தலைக்குமேல் போகிறது. அதில் யார் போவார்கள் என்று பேச்சு வருகிறது. தனக்குத் தெரிந்த யாரும் விமானம் ஏறினதில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்த விஷயம். ரஷ்யாவிலிருந்து வந்த ஆன்னாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பெண்களுக்கும் பொது மொழி கிடையாது, ஆனாலும் நட்பாகிறார்கள். உலகப் பூங்காவில் உலகம் என்பதாக நடப்பது அந்த நட்பு ஒன்றுதான்.

ஆனால் படத்தின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டட வேலைப் பையன் ராத்திரி ஓவர்டைம் செய்யும்போது விபத்தில் அடிபடுகிறான். ஆஸ்பத்திரியில் சாகும் முன் ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதிக் கொடுக்கிறான். விரித்துப் பார்த்தால் கடன் பட்டியல். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சின்னச் சின்னத் தொகையாக எழுதியிருக்கிறான். கிராமத்திலிருந்து அவன் அப்பா அம்மா வந்து இழப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அப்பா அதை மடித்துச் சட்டைக்குள் வைக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. போலிகளைப் பற்றிய படத்தில் இந்தத் தாள் எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. இது யாரும் நகலெடுக்க முடியாத ஒன்று. 'தி வேர்ல்டு' போலிகளைப் பற்றிய படம் என்று சொல்லும் விமர்சகர் அந்தத் தாளைப் படிக்காமல் தாண்டிப் போய்விட்டார் என்றுதான் அர்த்தம்.

3. திரும்பி வந்த கடிதம்

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கேளிக்கைப் பூங்கா பற்றிய கதை கிடையாது. ஒரு சினிமா ஸ்டூடியோவின் அலுவலகத்தில் நடக்கிறது. ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்தவர் அசோகமித்திரன். அந்த அலுவலகத்தின் மதிய நேரச் சோம்பலை அவரைவிட யார் எழுத முடியும்? வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில் காதர் என்ற மெலிந்த மனிதன் வேலை கேட்டு வருகிறான். தனக்குத் தெரிந்தது புலி வேஷம் என்கிறான். இவர்கள் அசுவாரசியமாகக் கேட்கிறார்கள். அவன் பைக்குள்ளிருந்து புலித்தலையை எடுத்து மாட்டுகிறான். அடுத்த சில நிமிஷங்களுக்கு அந்த அறைக்குள் ஒரு புலி இருக்கிறது. மேஜைமேல் பாய்கிறது, எல்லோருக்கும் குலை நடுங்குகிறது. தலையைக் கழற்றியதும் மறுபடியும் பசித்த காதர்.

புலியாட்டம் சீசன் வேலை. மொகரத்துக்குப் போடுவார்கள், வேறு சில திருவிழாக்களுக்குப் போடுவார்கள். மீதி மாதங்களில் அந்தக் கலைக்கு என்ன வேலை? கதை இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, ஆனால் காதர் அந்த மீதி மாதங்களிலிருந்துதான் நடந்து வருகிறான். சீசன் இல்லாத காலத்தின் முகம் தமிழ் இலக்கியத்தில் இவ்வளவு நேராக வேறெங்கும் வந்ததில்லை என்பது என் எண்ணம். பிறகு அவர்கள் படத்தில் புலி வேஷத்துக்குத் தேவை வருகிறது. காதருக்குக் கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அந்த முகவரியில் அவன் இல்லை.

மூன்று படைப்புகளில் அசோகமித்திரனைத்தான் நான் முதலில் வைப்பேன். காரணம், தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அவர் ஒரு கணமும் மறைக்கவில்லை. கதை மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. காதரின் மனத்துக்குள் நுழைந்து அவனுக்காகப் பேசுகிற வேலையைக் கதைசொல்லி செய்வதில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறார். அதனால்தான் பார்க்காதது எவ்வளவு பெரியது என்று நமக்கு உறைக்கிறது. காதர் எங்கே போனான் என்ற கேள்வியை வாசகர்கள் எப்போதும் சோகத்தோடு கேட்கிறார்கள். வேறு மாதிரியும் கேட்கலாம். அவன் எங்கேயும் போகாமல் இருந்திருக்கலாம். தொலைந்தது அலுவலகத்தின் கையிலிருந்த முகவரி மட்டும்தான்.

4. நிலாவில் ஓடும் சீசன்

நான் இருப்பது அடி அண்ணாமலையில். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் மலைக்கு மேற்குப் புறம், நடந்து வருகிறவர்களுக்குக் கால் கெஞ்ச ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஊர். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லும் இடமும் இதன் பக்கத்தில்தான். எங்களுக்கு சீசன் என்பது மாதத்துக்கு ஒரு முறை வரும். பௌர்ணமி. அன்று ராத்திரி பாதை முழுக்கத் தலை. சுக்குக் காப்பி, வேகவைத்த கடலை, சுண்டல், கால் வலித் தைலம், பொம்மை, பலூன். மறுநாள் காலை வெறும் பிளாஸ்டிக் டம்ளர். அடுத்த பௌர்ணமி வரைக்கும் அதே ஆட்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் சித்தாள் வேலைக்கும் போவார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை பெரிய சீசன், கார்த்திகை தீபம். 10 நாள் திருவிழா. ஏழாம் நாள் தேர், பத்தாம் நாள் சாயங்காலம் 2668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் தீபம். மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை. அதோடு லாரிகளில் பிரித்துக் கட்டின ராட்டினங்கள் வந்திறங்கும். ஜெயண்ட் வீல், கொலம்பஸ், குடை ராட்டினம், குழந்தைகளுக்குச் சின்ன ரயில், மரணக் கிணறு, அப்புறம் டெல்லி அப்பளம். இந்தச் செட்டுகளுக்கு ஒரு ஊர் கிடையாது, வரிசையாக ஊர்கள். கார்த்திகைக்கு ஒரு இடம், தைப் பொங்கலுக்குச் சென்னைத் தீவுத்திடல் மாதிரி ஒரு பொருட்காட்சி, சித்திரைக்கு மதுரைப் பக்கம், ஆவணியில் வேளாங்கண்ணிப் பக்கம். பஞ்சாங்கம்தான் அவர்களுடைய வேலைநேர அட்டவணை. மழை வந்தால் அதுவும் கிடையாது. 2024-ல் டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். 13-ம் தேதி தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. அந்த வருஷம் மைதானத்தில் சேறு. ஊரே துக்கத்தில் இருக்கும்போது ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவர் தன் கூலியைப் பற்றி யாரிடம் பேசுவார்?

ராட்டினத்தில் ஆள் ஏற்றுவதை உற்றுப் பாருங்கள். வரிசையில் வருகிறவர்களை அடுத்தடுத்த பெட்டியில் ஏற்ற மாட்டார்கள். இங்கே நாலு பேரை ஏற்றினால், சக்கரத்தைச் சுழற்றி எதிர்ப்பக்கம் நாலு பேரை ஏற்றுவார்கள். எடை ஒரே பக்கம் சேர்ந்தால் சக்கரம் திணறும். அதனால் கியர் பக்கம் நிற்பவர் ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்த மாத்திரத்தில் எடை போடுகிறார். குண்டு மாமாவுக்கு எதிரே எந்தக் கல்லூரிக் கூட்டம், குழந்தையோடு வரும் அம்மாவுக்கு எந்தப் பெட்டி, குடித்துவிட்டு வந்தவனை எப்படிச் சண்டை இல்லாமல் இறக்குவது. மனிதர்களைப் பார்த்ததும் படிக்கிற இந்தக் கண்ணை ஒரு நாவலாசிரியரிடம் கண்டால் நாம் கொண்டாடுவோம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான், பாலிடெக்னிக் படிக்கிறான். ஏப்ரல், மே இரண்டு மாதம் சென்னைக்கு வெளியே ஒரு தண்ணீர்ப் பூங்காவில் வேலைக்குப் போய் வந்தான். சறுக்குக் குழாயின் உச்சியில் நிற்கிற வேலை. "கையக் கட்டிக்கோங்க, கால நீட்டுங்க, போங்க" இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னான் என்று அவனுக்கே கணக்கில்லை. ராத்திரி தூக்கத்தில் "போங்க, போங்க" என்று உளறினானாம், பக்கத்தில் படுத்தவன் எழுப்பி அடித்தானாம். கடைசிப் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த சீசனுக்கு வந்தால் தருகிறோம் என்றார்களாம். சாண்டர்ஸ் நிர்வாகத்தின் இனிமை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அவனிடம் கேட்டேன், இதில் எது ரொம்பக் கஷ்டம்டா?

"வெயிலு, தண்ணி, அதெல்லாம் பழகிடும்ணா. ஒரு ஆள தள்ளி வுட்டதும் கீழ இருக்கறவன் கை காட்டணும், கிளியர்னு. அவன் கை காட்ற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. வரிசைல நிக்கறவங்க இன்னா தம்பி லேட்டுன்னு கத்துவாங்க. நான் கீழ அந்தக் கையத்தான் பாத்துனு நிப்பேன்."

"அவன் யாரு, பழக்கமா?"

"ஒடிசாக்காரன். பேரு மட்டும்தான் தெரியும். அவன் பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவனுக்குப் புரியாது. கைதான்."

அதற்குப் பிறகு மூன்று படைப்புகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்தக் கை எதிலும் இல்லை. நான் முதலில் சொன்ன புகார் இங்கேதான் தொடங்குகிறது.

5. புகார்

சாண்டர்ஸிடம் கூட வேலை செய்பவள் காட்டிக்கொடுக்கப்பட வேண்டியவளாக இருக்கிறாள். கதையின் இறுக்கமே அதில்தான். அது உண்மைதான், பல இடங்களில் வேலை நம்மை அப்படித்தான் ஆக்குகிறது. ஜா ஜாங்கேயிடம் கூட வேலை செய்பவர்கள் நண்பர்கள், காதலர்கள், துரோகம் செய்பவர்கள். ஆனால் வேலையின்போது ஒருவர் உயிரை இன்னொருவர் கையில் கொடுத்து வைத்திருக்கிற அந்தச் சில நொடிகள் படத்தில் வருவதில்லை. அசோகமித்திரனின் காதர் தனியாகத்தான் வருகிறான். புலிக்குத் தப்பு அடிக்கிறவர் ஒருவர் எப்போதும் உண்டு. அவரில்லாமல் புலி எழும்பாது. கதையில் அவருக்கு இடமில்லை.

இன்னொன்று, முடிவுகள். ஜேனட் வெளியேற்றப்படுகிறாள். சீனப் படத்தில் பையன் சாகிறான், கடைசியில் தாவோவையும் அவள் காதலனையும் விஷவாயு தாக்கிப் பனியில் கிடத்துகிறார்கள். காதர் காணாமல் போகிறான். இந்த வேலையைச் செய்கிற மனிதரை எழுதும்போது ஏன் எல்லோருக்கும் முடிவு என்றால் மறைந்துபோவதாகவே தோன்றுகிறது? சிறுகதைக்கும் சினிமாவுக்கும் ஒரு இறுதிப் புள்ளி தேவைப்படுகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. பார்வையாளருக்கு அவர்கள் அப்படித்தான் மறைகிறார்கள். மைதானம் காலியானதும் நாம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நம் கண்ணிலிருந்து போனதை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே போனதாக எழுதிவிடுகிறோம். படைப்பு கீழே இறங்கி நின்றாலும் அதன் கடைசிப் பக்கம் மட்டும் நுழைவுச்சீட்டுக் கையோடு வெளியேறிவிடுகிறது.

சீசன் என்ற சொல்லின் அர்த்தமே மறுபடி வருவது. கொலம்பஸ் படகை ஆட்டினவர் அடுத்த கார்த்திகைக்கும் வருவார். போன வருஷத்தைவிடக் கொஞ்சம் நரைத்திருப்பார், தம்பி ஒருவனை வேலை பழக்கக் கூட்டி வந்திருப்பார், அதே டீக்கடையில் போன வருஷக் கணக்கைத் தீர்ப்பார். வாழ்க்கை துண்டு துண்டாக இருக்கிறது, ஆனால் அந்தத் துண்டுகள் வட்டமாக வருகின்றன. இதை எழுத ஆரம்பம், நடு, முடிவு என்ற அமைப்பு போதாது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆவது, கீல் தேய்வது, ஒரு ஊரில் மைதானம் பஸ் ஸ்டாண்டாக மாறிப்போவது என்று பத்துப் பதினைந்து சீசன்களைத் தொடர்ந்து போகிற நாவல் ஒன்று வேண்டும். தமிழில் விவசாயத்துக்கு அப்படி நாவல்கள் இருக்கின்றன. மழையையும் அறுவடையையும் வைத்துக் காலத்தை அளந்த எழுத்து நம்மிடம் நிறைய உண்டு. திருவிழாப் பஞ்சாங்கத்தை வைத்துக் காலத்தை அளக்கிற மனிதர்களுக்கு அந்த அளவுகோல் இன்னும் வரவில்லை.

இதை எழுதப் போகிறவர்களுக்கு, அநேகமாக இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவராக இருக்கலாம், ஒரு வேண்டுகோள். அவரைப் பாவம் என்று தொடங்காதீர்கள். அப்சர்ட் என்றும் தொடங்காதீர்கள். இரண்டும் மேலேயிருந்து பார்ப்பதுதான். அவருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். மழைக்குப் பின் எந்த மண்ணில் கட்டை போட்டுத் தூணை நிறுத்தலாம், எந்தச் சத்தம் வந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும், யார் சும்மா அலறுகிறார்கள், யார் நிஜமாகவே பயந்திருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்குச் சரியாகப் பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. மேலே அலறிக்கொண்டிருக்கும் நாற்பது பேரில் ஒருத்தியின் அலறல் மாறியிருக்கிறது என்று கீழே நிற்கிற ஒருவருக்குக் கேட்கிறது. அவர் கியரில் கை வைக்கிறார், சக்கரம் மெதுவாகிறது. மற்ற முப்பத்தொன்பது பேரும் "அதுக்குள்ளயா?" என்று திட்டுகிறார்கள்.